இரண்டாவது வாக்குமூலம்

கிருஷ்ணராஜ் கட்டாருக்குப் பறக்க இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நிஷாந்தினி கணவனுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் ஜெயராஜ் வாசலோடு நின்றுவிட்டான். பொலிசுக்குப் போகப்போவதைச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான்.

பதினைந்து நாளைக்கு முன் கொட்டும் மழையில், திகனப் பாதையைக் கடந்துகொண்டிருந்த ஸெய்னுலாப்தீன் என்ற வயதான கடைக்காரரைக் கிருஷ்ணராஜின் ஆட்டோ அடித்துப்போட்டது. பின்சீட்டில் இருந்த ஜெயராஜ் நிப்பாட்டச் சொல்லிக் கத்தினான். கிருஷ்ணராஜ் நிப்பாட்டவில்லை. பின்னால் தன் ஆட்டோவில் வந்த ஹபீல்தான் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவன் வண்டியில் இரத்தம் இருந்ததால் பழி ஹபீல் தலையில் விழுந்தது. அவனை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

அடித்தது இன்னொரு ஆட்டோ என்று ஹபீல் சொன்னதால் தோட்டம்வரை விசாரித்து வந்த பொலிசிடம், அன்று மச்சான் தன்னோடு வீட்டில்தான் இருந்தான் என்று ஜெயராஜ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவன் ஞானஸ்நானம் எடுத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மனசு அறுத்தது. போதகரிடம் போய்ச் சொன்னான். அவரோ, குடும்பத்தை யோசி தம்பி, அவசரப்படாதே என்றார். அதற்குப் பிறகு அவனால் யாரிடமும் யோசனை கேட்க முடியவில்லை.

"பொய் சொன்னதுக்கு ஒன்னையும் உள்ள போடுவாங்க மச்சான்," என்றான், வாசலில் அவன் வந்த காரியத்தைக் கேட்ட கிருஷ்ணராஜ்.

"தெரியும்."

கிருஷ்ணராஜ் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு நெருக்கினான். பக்கத்துக் காம்பிரா வீடுகளின் கதவுகள் திறந்தன. ஜெயராஜ் கையைத் தூக்கவில்லை. நிஷாந்தினிதான் குறுக்கே புகுந்து புருஷனை இழுத்தாள்.

"அம்மா செத்தப்பெறகு என்னைய வளத்தது நீங்க. இப்ப நீங்களே என் குடும்பத்த அறுக்குறீங்க. ஒங்க சாமி இதத்தான் கேக்குதாண்ணே?"

"சாமி பேர்ல தப்பிச்சுக்க நான் வரல தங்கச்சி. தூக்கிட்டுப் போனவன் உள்ள இருக்கான். ஓடி வந்த நாம வெளிய இருக்கோம்."

அவள் வாசலைக் காட்டினாள். "போங்க. ஆனா இனி இந்தப் படி ஏறாதீங்க."

அவன் பாதைக்கு இறங்கி வத்தேகம பஸ்ஸுக்காக நின்றான். வந்த முதல் பஸ்ஸில் ஏறத் துணியாமல் அடுத்ததில் ஏறினான். பொலிஸ் நிலையத்தில் நடந்ததையும், முன்பு சொன்னது பொய் என்பதையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அவனையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அன்று மாலையே கிருஷ்ணராஜைப் பிடித்தார்கள். ஹபீல் வெளியே வந்தான்.

ஒன்பது நாள் கழித்து ஜெயராஜுக்குப் பிணை கிடைத்தது. பிணைக்கு நின்றவர் போதகர். அவர் அவன் முகத்தைப் பார்க்கக் கூசினார்.

லயத்துக்குத் திரும்பியபோது நிஷாந்தினி பீலியடியில் கொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் தங்கச்சி என்று கூப்பிட்டான். அவள் பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறிப்போனாள்.