பச்சை ஸ்வெட்டரின் இடது கை

மார்கழிப் பனியில் கார்முகில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியபோது அவன் உடம்பில் ஒரு சட்டையும் கழுத்தில் ஒரு துண்டும்தான் இருந்தன. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி மணிமொழியிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். அதில் சட்டை இருந்தது, துண்டு இருந்தது, கூடவே பச்சை நிறத்தில் ஒரு கைப்பின்னல் ஸ்வெட்டரும் இருந்தது. அது அவனுடையதல்ல. யாரிடம் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு தண்ணீர் அலசிக் காயவைத்து, டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவைத்தாள்.

சுரங்கத்து மேடையிலிருந்து விழுந்து கார்முகில் செத்ததைப் பற்றிய விசாரணையில் சாட்சி சொன்னவர் பாலகுமார். அந்த ஷிப்டின் பெர்மனென்ட் ஆள். மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு மேலே இருக்கிற அந்த மேடையில் களிமண் அடைத்துக்கொண்டால் ஏறிச் சுரண்ட வேண்டியவர் அவர்தான். அவருக்கோ கையெழுத்துப் போடுவதோடு வேலை முடிந்துவிடும். ஏறுவது கான்ட்ராக்ட் ஆளான கார்முகில். வீட்டில் அவன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

"நான் கீழ போன் பேசிக்கிட்டு இருந்தேன். அந்தத் தம்பிய ஏறச் சொல்லல. அன்னிக்கு நான் அவரப் பார்க்கவே இல்ல" என்றார் பாலகுமார்.

'யாரும் சொல்லாமல் தானாகவே ஏறினார்' என்று காகிதத்தில் பதிவாகிவிட்டது. அந்த ஒரு வரி தெருவுக்கு வந்து பத்து வரியாயிற்று. சொல்லாத இடத்தில் எதற்கு ஏறினான், விடியற்காலையிலேயே ஊற்றிக்கொண்டு போயிருப்பான் என்றார்கள். டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன் அவன். புருஷன் போனதை மணிமொழி அழுது தீர்த்தாள். போனவன் பேரில் ஏறிய இந்த அழுக்கு மட்டும் அவள் நெஞ்சில் அப்படியே கிடந்து புகைந்தது.

பிழைப்புக்கு லேடீஸ் கிளப்பில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் பின்னல் வகுப்பு எடுத்தவள் பாலகுமாரின் மனைவி புவனா. மதுரைப் பக்கத்துப் பெண், வெள்ளை மனசுக்காரி. சுரங்கத்தில் செத்துப்போன ஒரு கான்ட்ராக்ட் ஆளின் மனைவி என்பதுவரைதான் மணிமொழியைப் பற்றி அவளுக்குத் தெரியும். "சும்மா நிக்கிறதுக்கு நீயும் உட்காரு மணி" என்று அவள் கையிலும் இரண்டு ஊசியைக் கொடுத்தாள். மணிமொழியும் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்குள் போக ஒரு வழி வேண்டியிருந்தது அவளுக்கு.

ஆடி மாதத்தில் ஒருநாள், உல்லன் நூல் வாங்கும்போது மொத்தமாக வாங்கிவிட வேண்டும் என்று புவனா சொல்லிக்கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர் போட்டேன். கடைசியில நூல் பத்தல. பண்ருட்டிக்குப் போயி வாங்கினா சாயம் கொஞ்சம் வெளுத்துப்போச்சு. இடது கையில முழங்கைக்குக் கீழ மட்டும் வேற பச்சை. அவரு அதையே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. பாப்பா பொறந்த அன்னிக்கு எங்கம்மா வீட்டுக்கு வெறும் சட்டையோட வந்து நிக்கிறாரு. கேட்டா, பஸ்ல விட்டுட்டாராம்."

"என்னிக்குக்கா பாப்பா பொறந்துது?"

புவனா தேதியைச் சொன்னாள். மணிமொழியின் ஊசியிலிருந்து நாலைந்து கண்ணிகள் நழுவின.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். இடது கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வெளிறிய பச்சை.

இதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறலாம். கந்தலைக் காட்டுகிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அந்த ஆள் முகத்தில் வீசி எறியலாம். குனிந்து எடுத்து ஒளித்துவிடுவார். எறிய முடியாத இடத்தில் அது இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கழுத்துப் பக்கம் முடிச்சைத் தேடி அறுத்து, ஸ்வெட்டரைப் பிரிக்கத் தொடங்கினாள்.

பிரித்த நூல் சுருண்டு சுருண்டு வந்தது. நாற்காலி முதுகில் சுற்றி எடுத்து நனைத்து, சுருள் நிமிர, கீழே செம்பைக் கட்டித் தொங்கவிட்டாள். கறை போகாத நூலைத் தனியாக ஒதுக்கினாள். புவனாவின் குழந்தைக்குத்தான் பின்னப்போகிறாள்; அதன் தோளில் கறை படுவதில் அவளுக்கு விருப்பமில்லை. கணக்கு அதனோடு அல்ல. வெளிறிய பச்சையைத் தனி உருண்டையாகச் சுற்றி, சின்ன ஸ்வெட்டரின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, புவனா செய்த அதே பிழையை அதே இடத்தில் பின்னினாள்.

முதல் பிறந்தநாளுக்குப் புவனாவே அழைத்தாள். குவார்ட்டர்ஸ் வாசலில் மணிமொழியைக் கண்டதும் பாலகுமாரின் முகம் சுண்டிப்போயிற்று. "வாங்க" என்றார், சுவரைப் பார்த்து.

பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி சிரித்தாள். "புவனா, ஒன் ஸ்டூடண்ட்டு ஒன்னையே முழுங்கிடுவா போல. இனிமே கிளாஸ அவ எடுக்கட்டும், நீ தொடப்பத்தப் புடி."

புவனா சிரித்தபடியே குழந்தைக்குப் போட்டுவிட்டாள். வலது கை நுழைந்தது. இடது கையை நுழைத்து நீவிவிட்ட விரல்கள் அங்கேயே நின்றன.

"மணி, இந்த உல்லன் எங்க வாங்கின?"

"வாங்கலக்கா. ஆஸ்பத்திரில குடுத்தாங்க."

"ஆஸ்பத்திரியிலயா?"

"போன வருசம் இதே நாளு. எங்க வூட்டுக்காரர் ஒடம்புலேர்ந்து கழட்டிக் குடுத்தாங்க. வூட்ட வுட்டு அவுரு சட்டயோடதான் போனாரு."

கேக் வெட்ட எடுத்த கத்தியோடு பாலகுமார் நின்றார். புவனா அவர் பக்கம் திரும்பினாள்.

"பஸ்ல விட்டேன்னு சொன்னீங்க."

"ஆளுங்க இருக்காங்க புவனா. அப்புறம் பேசுவோம்."

"மேல காத்தடிக்கும்னு நீங்கதான சார் மாட்டி வுட்டீங்க?" மணிமொழி, தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டாள். "பாக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்த ஆளுக்கு எப்பிடி சார் மாட்டுனீங்க?"

"இவளுக்கு வலி வந்துருச்சுன்னு போன் வந்துச்சு" என்றார் பாலகுமார். "ரெண்டு நிமிஷ வேலைதானன்னு..." கத்தியை வைத்துவிட்டுக் குழந்தையின் பொத்தான்களைக் கழற்றக் கையை நீட்டினார். புவனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். போடாமல் விட்டிருந்த கழுத்துப் பொத்தானையும் போட்டாள்.

"கிடக்கட்டும். பிள்ளைக்குக் குளிருது. தூக்கிக்கிட்டு நில்லுங்க. போட்டோ எடுக்கணும்ல."

நின்றார். புஷ்பவல்லி சிரிப்பை மறந்து செல்போனை நீட்டினாள். பச்சை ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற நிலையை மணிமொழி கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. கேக்கை அவளே வெட்டி எடுத்து, உட்கார்ந்து, இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் புவனா தேடிக்கொண்டு வந்தாள். கையில், பாலகுமார் ஆபீஸில் எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகல் இருந்தது. 'என் வேலையைச் செய்ய நான் சொல்லித்தான் கார்முகில் மேடையில் ஏறினார். முன்பு நான் சொன்னது பொய்.' கீழே கையெழுத்து, ஆபீஸ் முத்திரை. மணிமொழி இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், குழாயடியில் நின்ற பெண்களுக்குக் கேட்கும்படி மூன்றாம் முறையும் படித்தாள்.

திரும்பி வந்தபோது புவனா நாற்காலியிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல அவரு நிமிர்ந்து பார்க்கிறதில்ல மணி. பாப்பாவத் தொடவே பயப்படுறாரு. மிச்ச நூல் இருந்தாக் குடுத்துடேன். எரிச்சிடுறேன்."

"இருக்குதுக்கா."

"குடு."

மணிமொழி நகலை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். உள்ளே இரண்டு பச்சை உருண்டைகள் இருந்தன. பெட்டியைச் சாத்தினாள்.

"பாப்பா வளரும்ல. அடுத்த மார்கழிக்கு இது பத்தாது. நான் பின்னி எடுத்தாரேன்."