பதினான்காம் கேள்வி

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தின் முதல் பதிமூன்று கேள்விகளையும் பத்தே நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். வக்கீல் ஆபீஸில் பதினாறு வருஷமாக டைப் அடிக்கிறவளுக்குப் படிவம் நிரப்புவதெல்லாம் ஒரு வேலையா? பதினான்காவதில் பேனா நின்றது. 'உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா? ஆம் / இல்லை.' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். 'ஆம்' என்றால் விவரம் எழுதுவதற்குக் கீழே ஒரே ஒரு கோடு. ஒரு கோட்டில் என்ன விவரத்தை எழுதுவது என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சட்டென்று கோபம் வரும். நாற்பது வயதுக்கு மேல் அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

சாப்பாட்டு மேஜையின் எதிர்ப்பக்கம் என் வீட்டுக்காரர் ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமையும் கை சும்மா இருக்காது.

"இல்லைன்னு போட்டுடு" என்றார், தலையைத் தூக்காமலே.

"இருந்ததே."

"இருபத்தொரு வருஷம் ஆச்சு. அந்தக் காகிதத்தை இந்நேரம் எலி தின்னுருக்கும். நீயா போய் எதுக்கு வாயைக் கொடுக்கறே?"

"பொய் சொல்லிட்டு சட்டம் படிக்கப் போகச் சொல்றீங்களா?"

"உங்க ஆபீஸ்ல நடக்காததையா சொல்லிட்டேன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்கு வேற தெரிஞ்சுடும்."

பெண்ணுக்குப் பதினைந்து வயது. அடுத்த அறையில் படிப்பதாகப் பேர். உடனே வாசலில் வந்து நின்றாள். "எனக்கு என்ன தெரிஞ்சுடும்?"

சொன்னேன். பத்தொன்பது வயதில் நான் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அங்கே கழிப்பறையைப் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் தொங்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறப்பார். ஒரு மத்தியானம் அந்தப் பூட்டை நான் உடைத்தேன். பூட்டோடு கதவும் பெயர்ந்து வந்துவிட்டது. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள். எனக்காகக் கோர்ட்டே ஏற்பாடு செய்த வக்கீல், வராந்தாவில் மூன்று நிமிடம் பேசினார். அதில் ஒரு நிமிடம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். "ஒத்துக்கோம்மா. அபராதத்தோட முடிஞ்சுடும். மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்னபடியே மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போனேன். குற்றவாளியாகப் போனேன்.

என் பெண் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "எதாலம்மா உடைச்சே?"

"இஸ்திரிப் பெட்டியால."

"சூடாவா?"

"ஏய், உள்ளே போய்ப் படி" என்றார் அவள் அப்பா. நான் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன். அந்த ஒற்றைக் கோட்டில் வழக்கு எண், பிரிவு, 'குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதம்' என்று பொடி எழுத்தில் எழுதி முடித்தேன். ஏன் உடைத்தேன் என்பதற்கு இடம் இல்லை. கேட்கவும் இல்லை.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். விண்ணப்பதாரரின் வேலையை நேரில் அறிந்த ஒருவர் தர வேண்டும் என்று விதி. எனக்கு யார்? எங்கள் ஆபீஸ் சீனியர் வக்கீல்தான்.

சீனியர் கையெழுத்துப் போடும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். தினமும் காலை கோர்ட்டுக்குக் கிளம்புமுன் முப்பது, நாற்பது காகிதங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கையெழுத்து இடம் மட்டும் தெரிகிற மாதிரி நான் பக்கங்களை மடித்து அடுக்கி வைப்பேன். அவர் ஃபோனில் பேசிக்கொண்டே வரிசையாகப் போட்டுக்கொண்டு போவார். எதிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. ஒருமுறை மளிகைச் சாமான் பட்டியலிலும் போட்டுவிட்டார். அதைக் கடையில் கொடுத்து, வக்கீல் கையெழுத்துப் போட்ட பட்டியல், சீக்கிரம் கட்டுங்கள் என்று நான் மிரட்டியிருக்கிறேன்.

பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றதும் சிரித்தார். "இந்த வயசுலயா? சரி, நீயே டைப் பண்ணிக் கொண்டா. போட்டுடறேன்."

டைப் செய்தேன். நாலே வரிகள். அந்த அடுக்கில் நடுவே மடித்துச் சொருகியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சொருகத்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. கை பாதிவரை போய்விட்டது. அப்போது கோர்ட் வராந்தாவும் அந்தச் செருப்பு வாரும் கண்ணில் வந்து நின்றன. அடுக்கு முழுக்க முடிந்தபின் கடிதத்தைத் தனியாக எடுத்து அவர் முன் வைத்தேன்.

"இதைப் படிச்சுட்டுப் போடுங்க சார்."

அவர் விநோதமாக என்னைப் பார்த்துவிட்டுப் படித்தார். இரண்டாவது வரியில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"'கடந்த ஒன்பது ஆண்டுகளாக மனுக்களின் முதல் வரைவை இவரே எழுதுகிறார்.' என்ன இது?"

"உண்மை சார்."

"வரைவு யார் எழுதறா? நான் சொல்றேன், நீ அடிக்கறே."

"நீங்க 'அந்த வாடகைக் கேஸ் மாதிரி ஒண்ணு போட்டுடு'ன்னு சொல்றீங்க. நான் போட்டுடறேன்."

அறையின் மூலையில் எங்கள் ஜூனியர் வக்கீல் திடீரென்று ஒரு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். சீனியர் நான்காவது வரிக்கு வந்தார். விண்ணப்பதாரரின் பழைய வழக்கு தமக்குத் தெரியும் என்று அதில் இருந்தது. அவருக்கு நிஜமாகவே தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தேன்.

"உனக்குப் புத்தி இருக்கா? படிவத்துல 'ஆம்'னா போட்டே? எந்த வக்கீலாவது கேட்காததைத் தானா சொல்வானா?"

"கேட்டிருக்காங்களே சார். பதினாலாவது கேள்வி."

கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைக் குழைத்துப் பேசினார். கெட்டவர் இல்லை அவர், சௌகரியத்துக்குப் பழகிவிட்டவர். "இங்க பாரு. அந்த வரைவு வரியை எடுத்துடு. 'நேர்மையானவர், கடின உழைப்பாளி'ன்னு போடு. படிவத்துல 'இல்லை'ன்னு மாத்து. ரெண்டையும் மாத்திக் கொண்டா, இந்த நிமிஷமே போடறேன்."

"பொய் சொல்லிட்டு வந்தா நேர்மையானவள்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

ஜூனியர் இருமினார். சீனியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப வேற ஆளைப் பாரு."

என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று ஜூனியர் பயந்தார். எனக்கு அந்தப் பயம் இல்லை. என்னை நிறுத்த வேண்டுமென்றால் அவர் ஒரு கடிதம் தர வேண்டும், அதையும் நான்தான் டைப் அடிக்க வேண்டும். ஆனால் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை ஐந்து மணி. அன்று புதன். பதினாறு வருஷ வேலைக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. கழிப்பறைக்குள் போய் அழுதேன். எங்கள் ஆபீஸ் கழிப்பறைக்கு உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அன்றைய மனுக்களோடு கோர்ட்டின் தாக்கல் பிரிவுக்குப் போனேன். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரிலுள்ள வக்கீல் குமாஸ்தாக்கள் வைத்த பெயர் 'திருப்பி'. ஓரம் போதவில்லை, பக்க எண் இல்லை, இணைப்பில் ஒரு தாள் குறைகிறது என்று எதையாவது கண்டுபிடித்துச் சிவப்பு மையில் குறிப்பு எழுதி மனுவைத் திருப்பிவிடுவார். பெரிய பெரிய வக்கீல்களின் மனுக்களே இரண்டு தடவை போய் வரும். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவர் என் மனுக்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வேலையை ஒரு வரி விடாமல் படிக்கும் ஒரே மனிதர் இந்த உலகத்தில் இவர்தானே! இது இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை?

"அண்ணே, ஒரு கடிதம் வேணும்."

விஷயம் முழுவதையும் சொன்னேன். பூட்டு, வழக்கு, சீனியர் எல்லாம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவர்களைப் பார்த்த பார்வையில் அடங்கினார்கள்.

"படிவத்தைக் காட்டு" என்றார். பதினான்காம் கேள்வியை இரண்டு தடவை படித்தார். பிறகு கூட இருந்த சுயவிவரக் கட்டுரையை எடுத்தார். 'நான் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன்' என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். பாதி படித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

"என்னம்மா இது? பத்தி பத்தியா நம்பர் போட்டிருக்கே. 'மேற்படி மனுதாரர் உறுதிமொழியாகக் கூறுவது யாதெனில்'... கடைசில, 'கனம் கல்லூரி அவர்கள் கருணை கூர்ந்து மனுதாரருக்கு ஓர் இடம் வழங்கி உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்'."

குனிந்து பார்த்தேன். மனுவேதான். விரல்கள் பழக்கத்தில் அடித்திருக்கின்றன. எனக்கே என் மேல் சிரிப்பு வந்தது.

"ஒருத்தர்கிட்டயும் கருணை கேக்க வரலை அண்ணே. அதை அடிச்சுடுங்க."

"நான் அடிக்கமாட்டேன். திருப்பறேன். நீ திருத்திக் கொண்டா." ஓரத்தில் 'திருப்பப்படுகிறது' என்று எழுதிக் கையில் கொடுத்தார். "உன்னோடதுல நான் திருப்பற முதல் காகிதம் இது."

மறுநாள் கடிதம் தயாராக இருந்தது. அவர் கைப்பட எழுதியிருந்தார். 'இந்த அலுவலகத்திலிருந்து வரும் மனுக்களைப் பதினாறு ஆண்டுகளாகப் பரிசோதித்து வருகிறேன். இந்த அம்மையார் தயாரித்த எதையும் குறை சொல்லித் திருப்ப என்னால் முடிந்ததில்லை. முயற்சி செய்திருக்கிறேன். இவர்மீதான பழைய வழக்கை அறிவேன். அதை இவரே சொன்னார்.' வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே, திருத்திய கட்டுரையோடு விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர் அம்மா. வலப்பக்கம் ஒரு பேராசிரியர், இடப்பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவர் கண்களை மூடியிருந்தார். தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் என் பெண்ணுக்கு அக்கா வயதுப் பிள்ளைகள்.

"மதிப்பெண் எல்லாம் நல்லா இருக்கு" என்றார் பேராசிரியர். "இந்தப் பதினாலாவது கேள்விதான் கொஞ்சம்... இது சின்ன விஷயம், ரொம்பப் பழசு. புதுப் படிவம் ஒண்ணு தர்றோம். வேற மாதிரி நிரப்பிக் கொடுத்தீங்கன்னா, அதையே நாங்க எடுத்துக்கறோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அன்பாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரரும் அன்பாகத்தான் சொன்னார். சீனியரும் குழைந்துதான் சொன்னார். அந்தச் செருப்பு வார் வக்கீலும் பாவம், என் நல்லதுக்குத்தான் சொன்னார். என் வாழ்க்கையில் எல்லாரும் என் நல்லதுக்கே என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார்கள் என்று வயிறு எரிந்தது.

"வேண்டாம் சார். இந்தப் படிவம் போதும். இதை வெச்சு இடம் கிடையாதுன்னா கிடையாதுன்னு எழுதிக் கொடுங்க. காரணத்தோட."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நீதிபதி கண்ணைத் திறந்தார். தூங்கவில்லை. "குற்றத்தை ஒப்புக்கிட்டீங்கன்னு இருக்கு. ஏன் உடைச்சீங்கன்னு இல்லையே?"

"இந்த இருபத்தொரு வருஷத்துல அதை யாரும் கேக்கலைங்க. போலீஸ் கேக்கலை. என் வக்கீல் கேக்கலை. மாஜிஸ்திரேட் கேக்கலை. உங்க படிவமும் கேக்கலை."

"நான் கேக்கறேன். சொல்லுங்க."

என் குரல் உடைந்தது. பரவாயில்லை என்று உடைந்த குரலிலேயே சொன்னேன். "என் பக்கத்து மெஷின்ல ஒரு அக்கா. ஏழாவது மாசம். சாவி கேட்டுக் கேட்டு மூணு தடவை சூப்பர்வைசர்கிட்டப் போனாங்க. மூணாவது தடவை அவர் சிரிச்சார். அவங்க திரும்பி வந்து, சேலையெல்லாம் நனைஞ்சு, அந்த ஸ்டூல்லயே உக்காந்து தைச்சுட்டே இருந்தாங்க. அழக்கூட இல்லை. என் கையில இஸ்திரிப் பெட்டி இருந்தது."

முதல்வர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். நீதிபதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அதே பூட்டு உங்க முன்னால இருந்தா?"

"உடைப்பேங்க" என்றேன். "ஆனா ஒத்துக்கமாட்டேன். கேஸ் நடத்துவேன்."

பத்து நாள் கழித்துக் கல்லூரிப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அறுபது இடங்களில் ஐம்பத்தெட்டாவது நான். மாலை வகுப்பு, திங்கள் முதல், ஆறு மணிக்கு.

மறுநாள் காலை சீனியரின் அறைக்குப் போனேன். "திங்கட்கிழமையிலேர்ந்து அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன் சார்" என்றேன். அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். நான் அதற்காகக் காத்து நிற்கவில்லை. நான் அனுமதி கேட்கவில்லையே, சொல்லத்தானே போயிருந்தேன்.