பெட்டி எனக்கு

கோபம் வந்தால் சங்கமித்ராவின் குரல் உயராது, இறங்கும். தம்பி தினேஷுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் அந்தப் புதன்கிழமை காலை மர்பி டவுன் வீட்டு வாசலில் நின்று அவள் மெதுவாக, "வழிய விடுடா" என்றதும் ஓரடி பின்வாங்கினான். ஆனால் வழி விடவில்லை.

"அக்கா, பன்னெண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள வெளிய போயிடணும். முடியாதுன்னா இன்னிக்கி வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள். அப்பா செத்ததிலிருந்து அவள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல். செவ்வாய், வெள்ளியில் லட்சுமியை, அதாவது அப்பாவின் இரும்புப் பெட்டியை, வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது. ஆடியில் பெட்டியை அசைக்கக் கூடாது. மார்கழியில் நினைக்கவே கூடாது. தை பிறந்ததும் தினேஷின் மனைவி லாவண்யாவின் அம்மா சேலத்திலிருந்து வந்துவிட்டாள், அவள் எதிரில் வேண்டாம். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டு சந்திரம்மா போன் செய்து, பெட்டியைப் பூஜை அறைச் சுவரோடு வைத்துப் பூசிவிட மேஸ்திரி வந்து அளவெடுத்துப் போனார் என்றாள். சங்கமித்ரா அப்போது பொம்மனஹள்ளியில், வேலை பார்க்கும் தையல் ஃபேக்டரியின் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் டப்பாவை மூடினாள். சுவருக்குள் போய்விட்டால் பெட்டியும் வீடாகிவிடும். வீடு தினேஷுடையது.

"வீடு அவனுக்கு, பெட்டி உனக்கு." ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கோவிந்தப்பா சொன்னது அவ்வளவுதான். மகனுக்கு நான்கு சுவரும் கூரையும், மகளுக்கு ஓர் இரும்புப் பெட்டி. சொல்லிவிட்டு, நியாயமாகப் பங்கு பிரித்த மனிதரைப் போல நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவர்மேல் இருந்த கோபமே அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் அவர் கொடுத்தது அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

பெட்டி என்றால் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் பழைய இரும்பு லாக்கர். அல்சூர் கடைவீதியில் ஒரு நகைக்கடையை இடித்தபோது, தூக்க முடிந்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பக்கத்துக் கடைச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அப்பா தூக்கிவிட்டார். தள்ளுவண்டியில் அது வந்த நாளில் தெருவே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. வந்த பிறகுதான் அதற்குள் வைக்க வீட்டில் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அம்மா இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் ரேஷன் அரிசி மூட்டையை இழுத்துவந்து உள்ளே கொட்டிப் பூட்டிவிட்டாள். எலித் தொல்லை அன்றோடு தீர்ந்தது. தினமும் உலை கொதிக்கும்போது சாவியைத் திருகி, அலுமினியப் படியால் அரிசி அளந்து எடுப்பாள். அம்மா போன பிறகு சாவி சங்கமித்ராவிடம் வந்தது. இன்றும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குத்தான் இப்போது மஞ்சள், குங்குமம், வெள்ளிக்கிழமை நெய் விளக்கு. அப்பா ராகு காலம் அச்சடித்த காலண்டரைக்கூட வீட்டுக்குள் விடாதவர். அவர் மாட்டிய புத்தர் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. தம்பியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போன சங்கமித்ரா அந்த ஆணியை ஒரு முறை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

"க்ளென், உள்ள வாங்க" என்றாள்.

க்ளென் அதே தெருக்காரர். பியானோ, லேத் மெஷின், ஒருமுறை ஒரு சர்ச் மணி என்று கனமானதாகப் பார்த்து நகர்த்துவதே தொழில். முன்பு ஒருதரம் அவள் போனில் பதிவு செய்து வரவழைத்த, வீடு மாற்றித் தரும் பேக்கர்ஸ் ஆட்கள், பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்து வருகிறோம் என்று போனவர்கள்தான். க்ளென் அப்படி இல்லை. கூட்டாளி கிருஷ்ணப்பாவோடு, கடப்பாரை, இரும்புக் குழாய்கள், மரக்கட்டைகள், கயிறு எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

பெட்டியைத் தோளால் ஒரு நெம்பு நெம்பிப் பார்த்தார். "என்ன மேன் இது? உங்கப்பா உள்ள யாரையாச்சும் வெச்சிப் பூட்டிட்டாரா?"

"ஸ்வல்பகூட அலுங்க மாட்டேங்குது சார்" என்றார் கிருஷ்ணப்பா.

"அலுங்கும். பொண்ணு வீட்ட விட்டுப் போறப்ப கொஞ்சம் முரண்டு பண்ணும்ல."

கடப்பாரையால் நெம்பி, குழாய்களை அடியில் கொடுத்து உருட்டினார்கள். பெட்டி முனகிக்கொண்டே கூடத்தைக் கடந்தது. பின்னாலேயே லாவண்யா டைல்ஸைப் பார்த்தபடி வந்தாள். வாசலை நெருங்கியதும் க்ளென் நிறுத்தி, பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னார். அதன் அகலத்தைவிட ஆழம் குறைவு. பக்கவாட்டில் போனால் தாராளமாகப் போகும்.

"அப்படி வேணாங்க" என்றாள் லாவண்யா. "லட்சுமி வெளிய போறப்போ முகம் உள்ள பாத்துத்தான் போகணும். முதுகுதான் முதல்ல போகணும். இல்லன்னா வீட்டுல இருக்கறத எல்லாம் கூட்டிட்டுப் போயிடும்னு எங்கம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. ப்ளீஸ் அண்ணி."

"மேடம், இந்த வாசல் சின்னது" என்றார் க்ளென். "முன்ன இருந்த வாசல் எனக்குத் தெரியும். அது பெருசு."

உண்மைதான். வாஸ்து பார்க்க வந்தவர் வாசல் வழியாகச் செல்வம் வழிந்து ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனதால், போன வருடம் தினேஷ் பழைய நிலையைப் பெயர்த்துவிட்டு, குறுகலாகத் தேக்கு நிலை வைத்திருந்தான். பூ, கொடி, யானை எல்லாம் செதுக்கிய நிலை.

"போகுமா போகாதா?" என்றாள் சங்கமித்ரா.

"போகும். ஆனா டைட்டு."

இனி ஒரு வார்த்தைகூட இந்த வீட்டில் பேசக் கூடாது, ஒரு விஷயத்துக்கும் இவர்களிடம் கெஞ்சக் கூடாது என்ற ஆத்திரத்தில் சங்கமித்ரா சொன்னாள்: "அவங்க சொல்ற மாதிரியே கொண்டுபோங்க. முகம் உள்ளயே பாக்கட்டும்."

அதுதான் அவள் செய்த தவறு.

க்ளெனும் கிருஷ்ணப்பாவும் சங்கமித்ராவும் வெளியே போய்க் கயிற்றை இழுத்தார்கள். வேறு வழியில்லாமல் உள்ளேயிருந்து தினேஷ் தள்ளினான். பெட்டியின் முதுகு நிலையைத் தாண்டி, வெளிப்படி மேல் சரிந்து இறங்கியது. பிறகு ஒரு சத்தம், பல்லைக் கடித்தது போல. பெட்டிக் கதவின் கீல்கள் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவை தேக்கு யானையின் வயிற்றில் போய்க் கடித்துக்கொண்டன. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. அந்த வீட்டுக்கு இருந்ததும் அந்த ஒரே வாசல்தான்.

பெட்டியின் தலைக்கு மேலே இருந்த இடைவெளியில் தினேஷின் முகமும் லாவண்யாவின் முகமும் தெரிந்தன. தெருவில் சந்திரம்மா பால் பாக்கெட்டோடு வந்து நின்றுவிட்டாள்.

"பதினொன்னரை ஆச்சு" என்றான் தினேஷ்.

"உன் ராகு காலத்த உள்ளயே வெச்சிக் கும்பிடு" என்றாள் சங்கமித்ரா. குரல் தரைக்குப் போயிருந்தது.

க்ளென் கீலைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல. பெட்டியத் தொறந்து கதவ மேல தூக்கினா கீல்ல இருந்து கழண்டுரும். அப்புறம் தானா வழுக்கிட்டு வரும். கதவு உள்பக்கம் இருக்கு, அதனால உள்ள இருக்கறவங்கதான் தொறக்கணும். சாவி யாருகிட்ட?"

சங்கமித்ரா பையிலிருந்து சாவியை எடுத்து, பெட்டியின் தலைக்கு மேலாக நீட்டினாள். வாங்க லாவண்யாதான் கையை நீட்டினாள். தினேஷ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்."

"ஏங்க? தொறந்தாத்தானே கழட்ட முடியும். அண்ணி, தாத்தாவோட நகையெல்லாம் நான் ஒரு துணியில கட்டி உங்ககிட்டயே குடுத்துடறேன். ஒண்ணும் கொறையாது."

"எந்தத் தாத்தா?"

"உங்க தாத்தாதான். மர மண்டி வெச்சிருந்தாரே. அவரோட லாக்கர்தானே இது?"

சங்கமித்ரா தம்பியைப் பார்த்தாள். அவன் தேக்கு யானையைப் பார்த்தான். அவர்களுடைய தாத்தா கன்டோன்மென்ட் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். மரம் என்று அவர் வைத்திருந்தது கால் உடைந்த ஒரு ஸ்டூல்.

"நிலைய அறுத்துடுங்க" என்றான் தினேஷ்.

"என்னது?" என்றாள் லாவண்யா.

"நிலைய அறுங்க க்ளென். பெட்டியத் தொறக்க வேணாம்."

"தேக்குங்க அது. பாத்துப் பாத்து செஞ்சது. சாவி இருக்கறப்ப எதுக்கு அறுக்கணும்?" என்றாள் லாவண்யா.

அவன் அவள் கையை இன்னும் விடவில்லை. அப்போதுதான் சங்கமித்ராவுக்கு எல்லாம் விளங்கியது. ஆடியும் மார்கழியும் செவ்வாயும் வெள்ளியும் லட்சுமிக்காக இல்லை. பெட்டி வெளியே போனால் எங்காவது திறந்துவிடும். அதற்காகத்தான் சுவர், அதற்காகத்தான் மேஸ்திரி. மர மண்டித் தாத்தாவை அவன் உருவாக்கியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மா கொட்டி வைத்த அரிசி அவனுக்கு அவமானமாக இருந்தது. அதைத் தின்று வளர்ந்த உடம்புதான் உள்ளே நின்று வியர்த்துக்கொண்டிருந்தது.

சாவியை லாவண்யாவின் கையில் போட்டிருக்கலாம். ஒரு நொடி விரல்கள் தளர்ந்தன. பிறகு மூடிக்கொண்டன. அவன் யானையை அவனே அறுக்கச் சொன்னான் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் மிகவும் பிடித்திருந்தது.

"வீட்டுக்காரரே சொல்லிட்டாரு. அறுங்க" என்றாள்.

கிருஷ்ணப்பா ரம்பம் எடுத்தார். தேக்குத் தூள் வாசல் கோலத்தின் மேல் உதிர்ந்தது. கொடி போனது, பூ போனது, யானையின் பாதி வயிறு போனது. லாவண்யா உள்ளே ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணை மூடித் திறந்தாள். கடைசியில் பெட்டி ஒரு பெருமூச்சோடு நழுவி, கட்டைகளின் மேல் இறங்கி, தெருவில் நின்றது. முகம் இன்னமும் வீட்டைத்தான் பார்த்தது.

லாவண்யா மரத்தூளை மிதித்து வெளியே வந்தாள்.

"அண்ணி, நான் ஒரு தடவ பாக்கணும். வாரா வாரம் வெளக்கு ஏத்துனேன். எங்கம்மா ஊர்லேர்ந்து வந்து விழுந்து கும்பிட்டாங்க. எனக்குப் பாக்கணும்."

"லாவண்யா, உள்ள வா" என்றான் தினேஷ்.

அவள் அசையவில்லை. அவள் கேட்டது நியாயம் என்று சங்கமித்ராவுக்குத் தோன்றியது. இந்த வாசலில் நியாயமாகக் கேட்கப்பட்ட முதல் விஷயம். சாவியைத் திருகினாள். கதவு கனமாகத் திறந்தது. பழைய அரிசியின், வண்டு அரித்த மாவின் வாசனை முகத்தில் வந்து மோதியது. மூலையில் ஒரு பிடிக் கருத்த குருணை. அதன் மேல் நெளிந்துபோன அலுமினியப் படி.

லாவண்யா குனிந்து பார்த்தாள். இன்னும் உள்ளே ஏதாவது இருக்குமோ என்று கைவிட்டுத் தடவியும் பார்த்தாள்.

"அரிசி" என்றாள் சங்கமித்ரா. "ரேஷன் அரிசி. எலிக்குப் பயந்து எங்கம்மா இதுல வெச்சாங்க. தாத்தா மூட்டை தூக்குனவரு."

"எனக்குத் தெரியுமே" என்றாள் சந்திரம்மா. "நானே ரெண்டு படி கைமாத்து வாங்கியிருக்கேன்."

லாவண்யா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "அரிசின்னு சொல்லியிருந்தா நான் என்ன, விட்டுட்டுப் போயிருப்பேனா?" என்று மட்டும் கேட்டாள். அறுபட்ட நிலையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

பலகை போட்டு, கப்பி மாட்டி, பெட்டியை டெம்போவில் ஏற்றிக் கட்டினார்கள். சங்கமித்ரா பின்பக்கம் ஏறிப் பெட்டியைப் பூட்டப் போனபோது தினேஷ் வண்டியருகே வந்து நின்றான். அவன் குரலும் இறங்கியிருந்தது. ஆனால் கோபத்தால் இல்லை.

"அக்கா, அந்தப் படிய மட்டும் குடுத்துட்டுப் போயேன்."

"எதுக்கு?"

"அம்மாவுது."

அவள் படியை எடுத்தாள். விளிம்பில் அம்மாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் இருந்தது. அதில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளேயே போட்டாள்.

"வீடு உனக்கு, பெட்டி எனக்கு. படி பெட்டிக்குள்ள இருக்கு."

கதவைச் சாத்திச் சாவியைத் திருகினாள்.

டெம்போ மெயின் ரோட்டுக்கு வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடம் க்ளென் சொன்னார்: "குடுத்திருக்கலாம் மேன். ஒரு படிதான?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஓசூர் ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் பூட்டிய பெட்டிக்குள் படி உருண்டு போய் இரும்பில் இடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு துணியைச் சுற்றி வைத்திருந்தால் சத்தம் நின்றிருக்கும். க்ளென்கூட அதற்காக ஒருமுறை வேகத்தைக் குறைத்தார். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. இடிக்கட்டும் என்று, பொம்மனஹள்ளி வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.