குறையில்லாத கிட்டார்

பேஸ் கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டது என்றுதான் அவர் முதலில் சொன்னார்.

பதினான்கு வருடமாக அவர் தோளில் தொங்கிய கிட்டார் அது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. "அக்கா, உனக்கு மூத்தாள் அவதான்" என்று தம்பி கிண்டல் செய்வான். தம்பி என்றால் அவர் மனைவியின் கூடப் பிறந்தவன். அவர் இருக்கும் அதே இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பவன். குழுவில் மொத்தம் நாலு பேர். ஒரு பாடகி, ஒரு டிரம்ஸ்காரர், தம்பி, இவர். வரவேற்பு, கம்பெனி விழா, ஓட்டல் மதிய விருந்து என்று வாரத்துக்கு இரண்டு மேடையாவது கிடைக்கும். மேடையில் நின்ற இடத்தை விட்டு நகராததால் குழுவில் எல்லோருக்கும் அவர் 'தூண்'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

"நெக் வளைஞ்சிருக்கு. அஞ்சாவது கட்டத்துக்கு மேல விரல் நிக்கவே மாட்டேங்குது" என்று காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை.

"அப்போ ரிப்பேர்காரர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

காட்டினார். ரிப்பேர்காரர் இரும்பு அளவுகோலைக் கழுத்தின்மேல் நிறுத்தி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. தந்திகளை மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் தூண் மறுபடி போனார்; ரிப்பேர்காரர் தந்திகளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். மூன்றாவது முறை போனபோது ரிப்பேர்காரர் சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையால்ல இருக்கு, தூண்!"

இருபது வருடப் பழக்கத்தில் சொன்ன கேலிதான். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிற தூண், அன்று கிட்டாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அவளிடம், "அந்த ஆளுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. உன் கடைக்கு வரச் சொல்லு" என்றார்.

அந்த வாரமே புதியது வாங்குவது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய வரவேற்பு இருந்தது.

"நீயும் வாயேன்" என்றார்.

கல்யாணமான ஒன்பது வருடத்தில் ஒரு தந்தி வாங்கப் போகும்போதுகூட அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. "நான் வந்து என்ன பண்ணப் போறேன்? எனக்கு சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது."

"தெரியாதவங்க காதுதான் எனக்கு வேணும்."

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனாள். கடையின் பின்பக்கச் சுவர் முழுக்க பேஸ் கிட்டார்கள் தொங்கின. வாசித்துப் பார்ப்பதற்கென்று கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அறை. தரையிலும் சுவரிலும் சாம்பல் நிறக் கம்பளம், மூலையில் ஒலியைக் கூட்டும் ஒரு ஆம்ப், இரண்டு ஸ்டூல். விற்பனையாளர் நாற்பதைத் தாண்டியவர். நரைத்த முடியைக் குடுமியாக முடிந்திருந்தார். தூணின் விரல் நுனிகளில் இருந்த காய்ப்பைப் பார்த்ததுமே, இவரிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று புரிந்துகொண்டு பேசாமல் முதல் கிட்டாரை எடுத்து நீட்டினார்.

அரக்குச் சிவப்பில் அழகாக இருந்தது. அவர் ஆம்பை நெருங்கவே இல்லை. கிட்டாரின் மேல்விளிம்பில் காதை ஒட்டி வைத்து வெறும் தந்தியை ஒருமுறை மீட்டினார். "ஆம்ப்ல மாட்டிட்டா எல்லாக் குறையும் மறைஞ்சிடும். மரம் பேசுதான்னு முதல்ல பாக்கணும்" என்றார். பிறகு ஒரு கண்ணை மூடி, கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். அவள் கட்டைவிரலைப் பிடித்துக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே இழுத்தார். "நெருடுதா?"

"இல்ல. வழுவழுன்னு இருக்கு."

"கட்டக் கம்பி முனையெல்லாம் ஒழுங்கா அரம் போட்டிருக்கான். இது சரியில்லன்னா ஒரு மாசத்துல கை கிழிஞ்சிடும்." கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. முறுக்காணிகளைத் திருப்பினார். கடைசியில் தோளில் மாட்டி இரண்டு கையையும் எடுத்தார். கிட்டாரின் தலை மெல்லத் தரையை நோக்கிச் சாய்ந்தது. "தலை கனம். ரெண்டு மணி நேரம் நின்னா தோள் செத்துடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டு நாளாகிவிட்டது. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இதுல பாதிகூட பாக்கலையே நீங்க" என்றாள்.

"அப்போ உன் தம்பி கேரண்டி குடுத்தான்."

விற்பனையாளரும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டாவது, சந்தன நிறத்தில் மெலிந்த கழுத்துள்ளது. எல்லாச் சோதனையிலும் தேறியது. தோளில் மாட்டினால் மட்டமாக நின்றது. ஆம்பில் மாட்டி முதல் சுரத்தை வாசித்ததும் அந்த ஒலி தரையில் இறங்கி, ஸ்டூலின் கால் வழியாக ஏறி, அவள் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. சுரம் அடங்க வெகுநேரமாயிற்று. "ஆஹா" என்றார் விற்பனையாளர், தன்னையும் மறந்து.

அவர் ஒரு சிறிய மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். முதல் சுற்று நன்றாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது சுற்றில் அவருடைய இடது கை மோதிர விரல் தந்தியை விட்டுத் தானாக எழும்பி, தொட்டாற்சிணுங்கி இலைபோல் உள்ளங்கைக்குள் மடங்கியது. ஒரு சுரம் விட்டுப்போயிற்று. அவர் நிறுத்தி, கையை உதறினார்.

"நெக் கொஞ்சம் அகலம்."

"சார், கடையிலயே ஒல்லியான நெக் இதுதான்" என்றார் விற்பனையாளர்.

"அப்போ குட்டையானது ஏதாவது காட்டுங்க. கட்டம் கிட்டக் கிட்ட இருக்கிற மாதிரி."

குட்டையானது வந்தது. அதே மெட்டு. அதே மூன்றாவது சுற்று. விரல் மடங்கியது. அவர் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை இரண்டாவது சுற்றிலேயே மடங்கியது, கூடவே சுண்டுவிரலும். விற்பனையாளர் திரும்பிக்கொண்டு, தூசியே இல்லாத ஆம்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

அவளுக்கு இது தெரிந்த இடம். கடையில் சிலர் வருவார்கள். எந்த லென்ஸைப் போட்டாலும் "இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்பார்கள். ஐந்தாவது லென்ஸுக்கு மேல் அவள் குரல் தானாகவே தணிந்துவிடும். கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பாள். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள். இப்போது வாயைத் திறக்க முடியவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. முதல்ல பாத்ததையும் சேத்து மூணையும் வாசிக்கறேன். பாக்காம சொல்லு, எது நல்லாயிருக்குன்னு."

கம்பளச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் வாசித்தார். முதலாவதன் ஒலி இறுக்கமாக இருந்தது, இரண்டாவது விரிந்தது, மூன்றாவது கொஞ்சம் மழுங்கலாக இருந்தது. அதெல்லாம் அவளுக்கே தெரிந்தது. ஆனால் மூன்றிலும் ஒரே இடத்தில் மாடிப்படி ஒன்று குறைந்ததுபோல் ஒரு பள்ளம் விழுந்தது.

"சொல்லு."

"ரெண்டாவது."

"ஏன்?"

"அதுதான்... முழுசா இருந்துச்சு."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அவளால் தாங்க முடியவில்லை.

அவர் உறை தேர்ந்தெடுக்கப் போனபோது விற்பனையாளர் தாழ்ந்த குரலில், "ஒரு வாரத்துக்குள்ள திருப்பித் தரலாம் மேடம். ரசீதைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரவேற்புக்கு அவளும் போனாள். புதுக் கிட்டாரைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொன்னாள். மண்டபத்தின் பின்வரிசையில், தண்ணீர் ஜாடிகள் வைத்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் ஓரிரு இடத்தில் இடறியது. அவள் நகத்தைக் கடித்தாள். மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் பேஸ் கனமாக, ஒரு சுரம்கூடத் தவறாமல் ஒலித்தது. மேசையிலிருந்த ஜாடிகளில் தண்ணீர் நடுங்கியது. குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஆட ஆரம்பித்தார்கள். அவளுக்கு உயிர் வந்தது. எழுந்து ஓரமாக நடந்து மேடையருகே போனாள்.

அவருடைய இடது கை கிட்டாரின் கழுத்தைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. வலது கை தந்திகளின்மேல் தட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கேட்கும் ஒலிக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை. அவள் பார்வை மெல்ல மேடையின் மறுபக்கம் போயிற்று. தம்பியின் வலது கை பாட்டின் மெட்டை வாசித்தது. இடது கை கீபோர்டின் கீழ்க்கோடியில் நின்று, அவருடைய பகுதியை வாசித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. யாரோ கை தட்டினார்கள்.

இடைவேளையில் தம்பியை நடைவழியில் பிடித்தாள். "எத்தனை நாளா?"

அவன் ஒன்றும் தெரியாதவன்போல் நடிக்கவில்லை. "மூணு மாசமாக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடா உனக்கு?"

"மாமாவே என்கிட்ட சொன்னதில்லக்கா. ஒரு நாள் வால்யூமைக் குறைச்சிட்டு என்னைப் பாத்தாரு. நான் எடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் அவர் குறைப்பாரு, நான் எடுத்துக்குவேன். நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்ல." அவன் தரையைப் பார்த்தான். "கிட்டாரை மாத்தினா சரியாயிடும்னு நானும் நம்பிட்டேன்கா."

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்திருந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவராகவே சொன்னார்.

"நீ மேடைகிட்ட வந்ததைப் பாத்தேன்."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? வலியா இருந்தா வலின்னு சொல்லலாம். வலியே இல்ல. சாப்பிடறேன், எழுதறேன், பூட்டைத் திறக்கறேன், அப்பல்லாம் சொன்ன பேச்சு கேக்குது. தந்தியத் தொட்டா மட்டும் அடம் பிடிக்குது." உறையின் ஜிப்பைத் தடவினார். "இதுல ஏதாவது ஒரு குறை இருந்தாத் தேவலைன்னு நேத்தெல்லாம் தேடினேன். மரம், நெக், கம்பி, ஒயரிங். ஒண்ணுமே இல்லம்மா."

அவள் அழைத்துப்போன நரம்பு டாக்டர் முதலில் பேனா பிடிக்கச் சொன்னார், பொத்தான் போடச் சொன்னார், நாணயம் பொறுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த முறை கிட்டாரோடு வரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து அவர் வாசிக்க, விரல் மடங்குவதைக் குனிந்து பார்த்தார்.

"கையில கோளாறு இல்லை. மூளையிலேர்ந்து கைக்குப் போற உத்தரவுல குழப்பம். வருஷக்கணக்கா ஒரே நுணுக்கமான வேலையைச் செய்யறவங்கள்ல சிலருக்கு இப்படி வரும்."

"பயிற்சியைக் கூட்டினா?" என்று கேட்டார் தூண்.

"கூட்டக் கூட்ட மோசமாகலாம்."

"மருந்து?" என்றாள் அவள்.

"ஊசி ஒண்ணு இருக்கு, சிலருக்குக் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். ரொம்ப மெதுவா, புதுசாக் கத்துக்கற மாதிரி விரலைப் பழக்கிப் பாக்கலாம். பழையபடி வாசிப்பீங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

வெளியே வந்ததும் அவர், "நல்ல மனுஷன். பொய் சொல்லல" என்றார். அவளுக்கு அந்தக் கம்பளச் சுவர் நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரம்ஸ்காரர் போன் செய்து, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். பேச்சுவாக்கில், அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஒருவர் வருகிறார் என்றும் சொன்னார். "நல்லா வாசிப்பானா?" என்று இவர் கேட்டார். பிறகு, "நாலாவது பாட்டுல நடுவுல ஒரு மாத்திரை நிறுத்தணும், அதைச் சொல்லிடு" என்றார். கிட்டாரைத் திருப்பித் தர வேண்டிய கெடு தாண்டிப் போயிருந்தது. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்திருந்தார். ஆம்பில் மாட்டவில்லை. பிறகு, "இங்க வாயேன்" என்றார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்த விரலைப் பிடிச்சுக்கோ. மடங்க விடாதே."

மோதிர விரலை எடுத்து நிமிர்த்தினாள். அவர் காட்டிய கட்டத்தில், தடித்த தந்தியின்மேல் வைத்துத் தன் விரலால் அழுத்தினாள். உள்ளே அது திமிறுவது அவளுக்குத் தெரிந்தது. குளிரில் நடுங்குகிற ஒன்றைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

அவர் வலது கையால் மீட்டினார். ஆம்ப் இல்லாமல் சின்னதாக, ஆனால் தெளிவாக ஒரு சுரம் எழுந்தது. அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

"அடுத்தது?" என்றாள்.

"பக்கத்துக் கட்டம்."

தூக்கி வைப்பதற்குள் விரல் அவள் பிடியிலிருந்து நழுவி மடங்கிக்கொண்டது. மறுபடி நிமிர்த்தினாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."