பெருமாள் கண்டருளிய விண்வெளிக் கீரை

நிலாவில் மனுஷன் கால் வைத்ததற்கு மறுவருஷம், மந்தைவெளியில் வால்டருக்குக் கீரைப் பைத்தியம் பிடித்தது. மனுஷர் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். வருஷக்கணக்கில் விண்வெளியில் சுற்றப் போகிறவன் மாத்திரையைத் தின்றே உயிர் வாழ முடியுமா, பச்சையாக ஒரு வாய் வேண்டாமா என்று சொல்லிக்கொண்டே மொட்டை மாடியில் ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கினார். மண் கிடையாது. பஞ்சில் விதை, பாட்டிலில் தண்ணீர், தண்ணீரில் உரம். ராக்கெட்டில் எருமூட்டையா ஏற்றிக்கொண்டு போக முடியும்? அங்கே மனுஷன் கழிப்பதுதான் உரம் என்றால், இங்கேயும் அதேதான். காலையில் அவர் சொம்போடு மாடி ஏறும்போதெல்லாம் மனைவி ஃப்ளோரன்ஸ் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் கீரை வந்ததே, அப்படித் தளதளவென்று வந்தது!

பின்கட்டில் இவர்கள் குடித்தனம், முன்கட்டில் வீட்டுக்காரி பங்கஜம் மாமி. தங்கமான மனுஷி. ஃப்ளோரன்ஸுக்கு ஜுரம் என்றால் அடுத்த நாழியில் மிளகு ரசம் வந்துவிடும். ஆனால் ஃப்ளோரன்ஸ் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கிறிஸ்துமஸ் கேக் கொண்டுபோனால், "மடிடீ, தப்பா நினைச்சுக்காதே" என்று வேலைக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள். தப்பாக நினைக்கக் கூடாதென்றுதான் ஃப்ளோரன்ஸும் பார்த்தாள். மனசு கேட்டால்தானே?

சமைத்ததுதான் ஆகாது, பச்சைக் காய்கறிக்குத் தோஷமில்லை. ஒருநாள் வடாம் காயப்போட மாடிக்கு வந்த மாமி, கீரையைப் பார்த்துச் சொக்கிப்போனாள். "என்னமா வந்திருக்கு! எனக்கு ஒரு பிடி குடேண்டி" என்று இரண்டு கையையும் நீட்டினாள். குடிவந்த ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. 'வேண்டாம் மாமி' என்ற வார்த்தை ஃப்ளோரன்ஸுக்குத் தொண்டை வரை வந்தது. நீட்டிய கைகளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. பறித்துக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மாமி வந்தாள். "மசியல் பண்ணிப் பெருமாளுக்கு நைவேத்தியமாக் கண்டருளப் பண்ணினேன். அமிர்தம்டீ!"

ஃப்ளோரன்ஸ் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். ஆனாலும், வெட்கக்கேடு, சந்தோஷமாகவும் இருந்தது. அப்புறம் வாராவாரம் வால்டருக்குத் தெரியாமல் கொடுத்தாள்.

அடையாறில் ஒரு பொருட்காட்சியில் வால்டரின் கீரைக்கு இடம் கிடைத்தது. மாமியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வால்டருக்கு மைக் கிடைத்தால் போதாதா?

"உரம் எது தெரியுமா? ஒரு பங்கு சிறுநீர், பத்துப் பங்கு தண்ணீர். வேறு யாருடையதும் இல்லை, அடியேனுடையதுதான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் திரும்பி, "உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள்.

"தெரியாது மாமி. மாதா சத்தியமாத் தெரியாது." சொல்லிவிட்டு ஃப்ளோரன்ஸ் அழுதாள்.

பின்னால் நின்ற வால்டருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மனைவியை ஒரு தரம் பார்த்தார். "ஆமா மாமி, நான்தான் அவகிட்ட சொல்லல. மன்னிச்சிடுங்க" என்றார். பொய் சொன்ன பிள்ளைகளை பெஞ்சு மேல் நிற்க வைக்கிற வாத்தியார் அவர்.

மறுநாள் காலையில் ஈரத் தலையோடு மாமி பின்கட்டுக்கு வந்தாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று ஃப்ளோரன்ஸ் நினைத்தாள். மாமியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெருமாளே சாப்பிட்டாச்சு, இனிமே எனக்கென்னடி மடி? பாவம், உன்னையும்னா அந்த மனுஷன் ஏமாத்தியிருக்கார். நேத்து நீ அழுததைப் பார்த்து எனக்குத் தாங்கலை. போ, எனக்கு ஒரு வாய் காபி போடு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஃப்ளோரன்ஸ் இத்தனை வருஷம் ஏங்கினாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இப்போது சொல்லிவிடலாம், இப்போதாவது சொல்லித் தொலைக்கலாம்.

"மாமி..."

"என்னடி?"

"சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"

"உன் இஷ்டம். உன் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

சொந்த வீட்டிலேயே எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற மாமி, அன்றைக்கு டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தாள். ஃப்ளோரன்ஸ் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.