ஐந்தாவது நட்சத்திரம்

மேஜைக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு கீச்சென்று அலறியது. மருந்துக் கிடங்கே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது.

பெட்டி கட்டும் பிரிவில் இந்த வாரம் அவளுக்கு விழுந்த மூன்றாவது சிவப்பு. மூன்று விழுந்தால் வேலை போய்விடும். கையில் மருந்து இருந்தது, பெட்டி இருந்தது. முகவரிச் சீட்டு மட்டும் வரவில்லை. புது மென்பொருள் வந்ததிலிருந்து இதே கதைதான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றும் நேரமெல்லாம் அவள் சும்மா நின்ற நேரமாகக் கணக்கில் ஏறும்; அளவு மீறினால் சிவப்பு.

"அண்ணி, அது சுத்தறதைப் பாத்தா எனக்கே தலை சுத்துது" என்றாள் பக்கத்து மேஜை நாத்தனார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள், குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். எதற்கெடுத்தாலும் எண்ணைக் காட்டுவதால் கிடங்கில் அவருக்குப் பட்டப்பெயர் 'மீட்டர்'.

கண்ணாடி அறைக்குள் நின்றபடி, வட்டம் சுற்றும் கதையைச் சொன்னாள். எல்லா மேஜையிலும் இதே பாடுதான் என்றாள். அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். பச்சைக் கோடு ஒன்று மேலே மேலே ஏறியிருந்தது.

"மென்பொருள் திருப்தியா இருக்கான்னு தினமும் கேக்குது. நீ ஒரு நாள் விடாம அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கே. அப்புறம் கோளாறு எங்கே இருக்கு?"

அவள் போட்டது உண்மைதான். அந்தக் கேள்வியைத் தாண்டினால்தான் திரையே திறக்கும். ஒன்று குறைத்துப் போட்டாலும், காரணம் எழுதச் சொல்லி வெள்ளைப் பக்கம் வந்து நிற்கும். எழுதும் நேரமும் அவள் தலையில்தான் விழும். தட்டுத் தடுமாறி அதைச் சொன்னாள். நல்ல சாக்கு என்று அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பணிநீக்க உத்தரவைத் திறந்தார். அவள் பெயர் வந்தது. 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்தினார்.

வட்டம் சுற்றியது.

இருவரும் அதையே பார்த்தார்கள். சுற்றிச் சுற்றி, கடைசியில் மென்பொருள் அவரையே வெளியே தள்ளிவிட்டு முதல் பக்கத்துக்குப் போய் நின்றது. ஐந்து காலி நட்சத்திரங்கள்.

அவர் யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய் ஐந்தாவதைத் தட்டியது.

"சார்" என்றாள் அவள் மெதுவாக. "உங்களுக்கு அவ்வளவு திருப்தியா?"

விரல் அந்தரத்தில் நின்றது. வெளியே இன்னொரு மேஜையில் சிவப்பு விளக்கு அலறியது. அவளை ஏறிட்டுப் பார்க்காமலே அவர் சொன்னார்:

"கொறைச்சுப் போட்டா காரணம் எழுதச் சொல்லுதேம்மா."