லவோன் போட்ட விலை

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் டென்னசி ரோட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நாலு நாளைக்கு வீட்டுக்கு வீடு வாசலில் பழைய சாமான் கடை. இடம் மிச்சமிருந்தால் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். என் தங்கை லவோன் வீட்டு வாசலிலோ நல்ல இடத்தையெல்லாம் ஒரு பழைய பிக்கப் வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. அவள் மகன் கர்ட்டிஸுடையது. "வண்டிய எடுக்க வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவன், இரண்டு வருஷமாக ஆளையே காணோம். வண்டி நிற்கிறவரை என்றாவது வருவான் என்று இவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவள் புருஷன் டெல்மர், அதை விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஏன் என்று கேட்டால், அந்த இடத்தை வாடகைக்கு விடலாம் என்று கதை சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் லவோன் ஒத்துக்கொண்டாள், ஆனால் விலையை அவளே அட்டையில் எழுதினாள்: ஒன்பதாயிரம் டாலர். இரண்டாயிரம்கூடப் பெறாத வண்டி. விற்க மனசில்லாத சாமானுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் விலை போடுவோம்.

"எழுதின வெலய எவனாச்சும் நீட்டிட்டா குடுத்துத்தான் ஆகணும், தெரியும்ல?" என்றேன்.

"அவ்ளோ பெரிய கிறுக்கன் இன்னும் பொறக்கலக்கா."

சனிக்கிழமை ஒஹாயோவிலிருந்து ஒருவர் வந்தார். பிக்கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லவோன் ஓடிப்போய் நின்றாள்.

"ஒரு கதவு தெறக்காதுங்க. இன்ஜின் இருமும். சீட்டுக்குள்ள எலி குடித்தனம் பண்ணுது."

"இருக்கட்டும்மா. இந்த மாடலத்தான் தேடி அலையுறேன். எங்க ஊர்ல இதுக்கு இன்னும் கூடவே குடுப்பாங்க."

பேரம்கூடப் பேசாமல் பணத்தை நீட்டிவிட்டார். லவோன் டெல்மரைப் பார்த்தாள். முடியாது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தான்.

வண்டியை அவர் கட்டி இழுத்துக்கொண்டு போனதும் நான் டெல்மரைப் பிடித்துக்கொண்டேன்.

"பையன் வந்து நின்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவ? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

"அவன்தான் விக்கச் சொன்னான்" என்றான் டெல்மர். "ஜனவரியில போன் பண்ணான். வித்துப் பணத்த அனுப்பு, இனிமே நான் அங்க வரலன்னான். இவகிட்ட எந்த வாயால சொல்றதுன்னு தெரியல."

லவோன் அழவில்லை. மகன் வருவானென்று இரண்டு வருஷமாக ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இல்ல."

அதற்குள் கார் ஒன்று நின்று ஒரு பெண் இறங்கினாள். கடை மேஜையில் இருந்த எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி என்ன விலைங்க?"

லவோன் எழுந்தாள்.

"சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றாள்.